இரவல் விரல்

“சத்தம் போடாதே. கையை நீட்டு.”

கதவுக்குப் பின்னால் மனைவியைத் தள்ளிக்கொண்டுபோய், அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார் அவர். இன்னொரு கையில் ஊசி.

“ஊசின்னாலே எனக்குக் குலை நடுங்கும்னு தெரியாதா உங்களுக்கு?”

“எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். மருமக பாலை இறக்கிட்டு வந்துடுவா. சீக்கிரம்.”

அவர் ஓய்வு பெற்ற கணக்குத் தணிக்கை அதிகாரி. அடுத்தவர்களின் தில்லுமுல்லுகளைத் தோண்டியெடுத்தே தலை நரைத்தவர், சர்க்கரை வியாதி வந்ததும் தன் பங்குக்குச் சிலவற்றை ஆரம்பித்திருந்தார். நடையை எண்ணும் கடிகாரத்தை மருமகள் வாங்கித் தந்தபோது, அதை மனைவியின் கையில் கட்டிக் கடைக்கு அனுப்பிவிட்டு சோபாவில் காலை நீட்டினார். மருமகள் பார்த்தாள், சிரித்தாள், போய்விட்டாள்.

பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவள், இன்று சுகர் பார்க்கிற மிஷினோடு வந்துவிட்டாள். அளவு சரியாக இருந்தால்தான் சாயங்காலம் நண்பர் வீட்டு விருந்தில் கேக்கைத் தொடலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டு, “நீங்களே குத்தி வைங்க மாமா, அடுப்புல பால் இருக்கு” என்று உள்ளே போனாள்.

“உங்க நாக்கு ருசிக்கு என் விரலா? நல்லா இருக்கு நியாயம்” என்று முணுமுணுத்துக்கொண்டே மனைவி விரலை நீட்டினாள்.

ஒரு சொட்டு. காரியம் முடிந்தது. அவள் பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துக் காலி செய்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு எந்நேரமும் தாகம்தான்.

மருமகள் வந்து மிஷினைப் பார்த்தாள். “முந்நூத்தி இருபது. கேக்கை மறந்துடுங்க மாமா. டாக்டர் இனிமே தினம் ஊசி போடச் சொல்லப்போறாரு.”

அவர் மிஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மிஷின்ல ஏதோ கோளாறும்மா.”

“நேத்துதான் வாங்கினேன்.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். கட்டிய மனைவியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

“அது என் ரத்தமே இல்ல. உங்க அத்தையோடது.”

“தெரியும் மாமா.” மருமகள் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “டெஸ்ட்டுக்கு இவங்களைக் கூப்பிட்டா வரமாட்டாங்க, அதான் உங்களைக் கூப்பிட்டேன்.”