நான்கு பெரிய சக்கரங்கள்

எங்கள் நட்புக்கு நான் போட்ட விலை, ஜீப்புக்குரிய நான்கு பெரிய சக்கரங்கள்.

நான் பரிசாகக் கொடுத்த சக்கரங்களைப் பார்த்து, வாடகைக் கார் ஓட்டும் நண்பன் வேதாசலம் தயங்கினான். "மட்கார்டுல உரசுமே, பாவா?"

"விளிம்பைத் தட்டி உள்ளே மடிக்கச் சொல்லிட்டேன். அஞ்சு பேரை ஏத்திகினு மலை ஏறிப் பாரு."

உரசவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. சக்கரம் பெரிதானால் மீட்டரில் மைல் குறையும். வாரந்தோறும் சேலை மூட்டையோடு அவன் காரில் பள்ளிப்பட்டு போகும் எனக்கு வாடகை குறையும்.

ஆறு மாதம் கழித்து, மலைக் கோயிலில் மொட்டை போட்டும் மனசு ஆறாமல், அவனிடமே சொல்லிவிட்டேன்.

அவன் தலை குனிந்தான். "மூணு வருஷமா பத்து மைலுக்குப் பதினொண்ணு காட்டுற மாதிரி மீட்டரைத் திருகி வச்சிருந்தேன், பாவா. உன் சக்கரம் வந்தப்புறந்தான் சரியா காட்டுது."

அவன் பக்கம் மூன்று வருஷமாய் என்னிடம் கூடுதலாக வாங்கிய வாடகை பாக்கி. என் பக்கம் ஒரு கெட்ட எண்ணம் பாக்கி.