ஞானப்பல்

"ஞானப்பல் சாஞ்சிக்கினு முளைக்குது. பக்கத்துப் பல்லை இடிக்குது. எடுத்துடணும்," என்றார் பல் டாக்டர் சக்கரவர்த்தி.

நாற்காலியில் இருந்த கோதண்டபாணிக்கு வியர்த்தது. "தொந்தரவு பண்ணாத ஞானப்பல்லை விட்டுடலாமே!"

"தொந்தரவு பண்ணலியா?" மனைவி பெரியநாயகி குறுக்கிட்டாள். "மூணு தடவை ஈறு வீங்கிடுச்சு டாக்டர். வாயத் திறக்க முடியாம கஞ்சி குடிச்சிக்கினு இருக்காரு. கேட்டா, அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்றாரு."

டாக்டர் ஊசியை எடுத்தார். கோதண்டபாணி மனைவியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"இதைவிடச் சின்ன ஊசி இல்லையா?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியைப் போட்டார். வாய் மரத்ததும் பல்லைப் பிடுங்கி, அந்த இடத்தில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் கோதண்டபாணி கண்ணையே திறந்தார்.

மனைவியின் தோளைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தபோது, பிள்ளையார்பாளையத்து நெசவாளி அர்ஜுனன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினான். கோதண்டபாணியைப் பார்த்ததும் திகைத்துப்போனான்.

"டாக்டர், நீங்களா? ஞானப்பல்லைப் புடுங்கறது ஒண்ணுமே இல்ல, பயப்படாம வாப்பான்னு நேத்து சொன்னீங்களே! உங்க ஆஸ்பத்திரி பூட்டியிருக்குதேன்னுதான் இங்க வந்தேன்."

டாக்டர் கோதண்டபாணி பஞ்சைக் கடித்தபடி பரிதாபமாக விழித்தார்.

"நாளைக்கு எங்க ஆஸ்பத்திரிக்கே வந்துடுப்பா," என்றாள் பெரியநாயகி. "உன் பல்லைத் தொடறதுக்கு முன்னாடி, தன் பல்லைப் புடுங்கிப் பாத்துக்கினு வந்திருக்காரு!"