கட்டளைக்குக் கிளம்பாத வீடு

உரிமையாளர் இறந்த முப்பதாம் நாள், வண்டிவீடு தானாகவே ஓடி நிறுவனத்துக்குத் திரும்பிவிடும். எங்களுடையது என் மனைவி நிரஞ்சனாவின் பெயரில் இருந்தது. கூரை ஒழுகும் வண்டி. ஆனாலும் வேறு வீடில்லை.

நேற்று அவள் போய் முப்பதாம் நாள். நிறுவன அதிகாரி வந்து என்னை இறக்கிவிட்டு, வண்டியைக் கிளப்பக் கைக்கருவியில் பொத்தானை அழுத்தினார். வண்டி இருமி அடங்கியது. மூன்று முறை அழுத்தினார்.

"இருபத்தாறு வருஷ வண்டி சார். நாலு பேர் தள்ளணும்," என்றேன்.

அவர் பக்கத்து வண்டிக்காரர்களைப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

"எனக்கு இடுப்பு வலி சார்," என்றாள் சலேத் அக்கா. "இங்க எல்லாருக்குமே இடுப்பு வலிதான்."

"ஓடாததைக் கம்பெனி எடுத்துக்காது. நீங்களே வச்சுக்குங்க," என்று சொல்லி, கருவியில் அப்படியே பதிவு செய்துவிட்டுப் போனார்.

அவர் ஜீப் மறைந்ததும் எட்டுப் பேர் தள்ளினார்கள். இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. யாரோ ஹோவென்று கத்தினார்கள், கத்தியது நான்தான்.