லைப்ரரி டீச்சரின் மாமியார்

"பீரோ சாவி எங்கேன்னு கேட்டா, எனக்குக் காது கேக்காதுங்கறாங்க."

லைப்ரரி டீச்சர் நிறுத்தி நிதானமாகச் சொல்ல, ஆசிரியர் அறையில் எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு அவர் பக்கம் திரும்பினார்கள்.

இங்கிலீஷ் டீச்சர் மட்டும் திரும்பவில்லை. ஜன்னலோர மேசையில் விடைத்தாள் திருத்துகிற பாவனையில் குனிந்திருந்தாள். காது மட்டும் லைப்ரரி டீச்சரின் மடியில் கிடந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்திதான் வெளிநாட்டுக்காரி. வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்த ஊர் மொழியில் அவளுக்கு வணக்கமும் நன்றியும்தான் தெரியும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

உண்மையில் அவளுக்கு முக்கால்வாசி பிடிபட்டுவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகம் வாங்கிப் படிக்கவுமில்லை. எல்லாம் லைப்ரரி டீச்சரின் மாமியார் செய்த புண்ணியம்.

மாமியார் தனி ரகம். யாரும் பார்க்காத நேரம் மருமகளின் சமையலில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, மகன் முகம் சுளிக்கும்வரை காத்திருப்பாள். இடி இடித்தாலும் விழாத காதில் அடுத்த அறைக் கிசுகிசு மட்டும் துல்லியமாக விழும். கோபம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருமுனை வரை போவாள். பின்னால் யாரும் வராவிட்டால், மறந்துவிட்ட செருப்பை எடுக்க வந்ததாகச் சொல்லித் திரும்பி வருவாள்.

காலை இடைவேளைக்கு ஓர் அத்தியாயம். நடுநடுவே கணக்கு சார் மடக்கி மடக்கிக் கேட்பார். "யாரு, உங்க வீட்டுக்காரரோட அம்மாவா?" என்பார், அன்றுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி. இந்த மனிதருக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் ஏறாதா என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

சாயங்காலம் சொந்த ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டால், அக்கா அவள் நலத்தைக்கூட விசாரிப்பதில்லை. "கிழவி இன்னிக்கு என்னடி பண்ணுச்சு?" என்பாள். சொந்த மாமியாரிடம் படுகிற பாட்டுக்கு அக்காவுக்கு இப்படி ஒரு மருந்து தேவைப்பட்டது.

ஆனாலும் ஒட்டுக்கேட்டே ஒருத்தி எத்தனை நாள் காலத்தை ஓட்டுவது? அந்த அறையில் அவளிடம் நேராக நாலு வார்த்தை பேசியவர் கிடையாது. சிரிப்பார்கள், தேநீர் ஊற்றித் தருவார்கள், அதோடு சரி.

அடுத்த வருடமும் இருப்பாளா என்று தலைமையாசிரியை கேட்டிருந்தார். இன்று பதில் சொல்லியாக வேண்டும். ஊருக்கே போய்விடுவது என்று ராத்திரியே முடிவு செய்துவிட்டாள்.

அந்தப் பதிலுக்காகத்தான் தலைமையாசிரியை இப்போது வாசலில் வந்து நின்றார். கதை நடப்பதைப் பார்த்ததும் அவரும் கதவில் சாய்ந்துகொண்டார்.

"மாவு டப்பாக்குள்ள... சாவி... இருக்குமோன்னு பார்த்தேன்" என்றார் லைப்ரரி டீச்சர்.

புது டிராயிங் மாஸ்டர் குறுக்கே புகுந்தான். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவன். அதே பள்ளிக்கூடத்தில் படித்த பையன். மடமடவென்று என்னவோ கேட்டான்.

அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கடைத்தெருவில் பேசுகிற வேகம் அது. படித்தவர்கள் நிதானமாகத்தான் பேசுவார்கள் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

கணக்கு சார் உதட்டில் விரல் வைத்தார். பையன் கவனிக்கவில்லை. குழப்பத்தில் அவன் பேச்சே தட்டுத்தடுமாறியது.

"உங்க மாமியார் செத்து ஏழு வருஷம் ஆச்சே டீச்சர். சாவுக்கு நான்கூட வந்திருந்தேனே. அதுவும், ஏன் எல்லாரும் குழந்தைக்குச் சொல்ற மாதிரி இழுத்து இழுத்துப் பேசறீங்க?"

ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஜன்னலோர மேசையைப் பார்த்தார்கள்.

அவள் கையில் சிவப்புப் பேனா நின்றுபோயிருந்தது.

என்றைக்கோ போய்ச் சேர்ந்த ஒரு கிழவியை இவர்கள் தினமும் எழுப்பி உட்காரவைத்திருக்கிறார்கள். பெட்டியைக் கட்டவைத்திருக்கிறார்கள், செருப்புக்காகத் திரும்பி வரவைத்திருக்கிறார்கள். யாருக்காக என்று கேட்க வேண்டியதே இல்லை.

லைப்ரரி டீச்சர் திருட்டு முழி முழித்தார். பிறகு முதல்முறையாக அவளிடம் நேராகப் பேசினார்.

"பாடம்னு உக்காரவச்சா நீங்க கூச்சப்பட்டு ஓடிருவீங்கம்மா. மாமியார் கதைன்னா யாருக்குத்தான் காது நீளாது?"

நன்றி என்ற சொல் அவளுக்கு வந்த நாள் முதலே தெரியும். அது போதாது போலிருந்தது. இரண்டு வருடமாக வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்த மொழி மெல்ல வெளியே வந்தது.

"அதெல்லாம்... இருக்கட்டும். சாவி... கிடைச்சுதா... இல்லையா?"

அச்சு அசல் லைப்ரரி டீச்சரின் இழுவை. கணக்கு சாருக்குத் தேநீர் புரையேறியது.

தலைமையாசிரியை எதுவும் கேட்காமல் தம் அறைக்குத் திரும்பிப் போனார்.

யாரோ ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டார்கள். அவள் விடைத்தாள்களை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

லைப்ரரி டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கையை வீசி, கண்ணை உருட்டி, அசல் கடைத்தெரு வேகத்தில். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பாதிக்குமேல் அவளுக்குப் புரியவில்லை. அவளுக்காக யாரும் நிறுத்தவும் இல்லை.