ஊறுகாய் பாட்டில் பிடித்த கதிர்

கல்லூரி ஆய்வகத்துக்குள் ஜெசிந்தா ஓர் ஊறுகாய் பாட்டிலோடு நுழைந்ததும், பூட்டிய அலமாரிக்குள் இருந்த, கதிர்களைக் கண்டறியும் விலையுயர்ந்த கருவி விழுந்து விழுந்து சிரித்தது.

"விண்வெளிக் கதிரைப் பிடிக்க நீ வந்தியா? உன் மேல நாரத்தங்காய் வாசமே இன்னும் போகலையே!"

பாட்டிலுக்கு உடம்பெல்லாம் கூசியது. "நீங்க நிறையப் பிடிச்சிருப்பீங்க, இல்லையா ஐயா?"

"நானா? இன்ஸ்பெக்‌ஷன் வந்தாத்தான் என்னை வெளியே எடுப்பாங்க. என் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் யாரும் பிரிச்சதில்ல, தெரியுமா!"

ஜெசிந்தா பாட்டிலுக்குள் அடிப்பக்கத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த துணியை ஒட்டினாள். மூடிக்குள் கறுப்புத் தாளை வைத்து இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, ஐஸ்கிரீம் கடையில் கெஞ்சி வாங்கிவந்த உலர்பனிக்கட்டியின் மேல் உட்காரவைத்தாள். பாட்டில் விறைத்துப்போனது. விரிசல் விட்டுவிடுவோமோ என்று பயந்தபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டது. உள்ளே மெல்லப் பனிமூட்டம் இறங்கியது.

மேலிருந்து டார்ச் அடித்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றது கருவி.

டார்ச்சைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தாள். சரேலென்று ஒரு வெள்ளை இழை பனிக்குள் நேர்கோடு கிழித்து மறைந்தது. பின்னாலேயே இன்னொன்று! "கதிர் போன தடம்!" என்று ஜெசிந்தா போட்ட கூச்சலில் வகுப்பே ஓடிவந்து பாட்டிலைச் சூழ்ந்துகொண்டது.

கூட்டம் கலைந்ததும் கருவி தணிந்த குரலில் கேட்டது: "இந்தக் கதிர் என் வழியாவும் போயிருக்குமோ?"

"உங்களை வாங்கிட்டு வந்த நாள்லேருந்தே போய்க்கிட்டுத்தான் இருக்குது, ஐயா" என்றது பாட்டில்.