அம்மாக்கண்ணுவின் ஆடு

"ஒரு நோவுமில்லாத ஆட்டுக்காக அம்மாக்கண்ணு அக்காவை அடுத்த ஞாயிறும் வரச் சொல்லி அனுப்புறியே, உனக்கு மனசாட்சியே இல்லையா?"

நிஷாந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பூரணி கையில் ஒட்டியிருந்த ஆட்டு முடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாரம் பூரா கொழுந்து பறிச்சு ஓஞ்சு போறவங்கக்கா அவங்க. கெடைக்கிற ஒரு லீவு நாள்லயும் ஆட்டை இழுத்துக்கிட்டு இந்த மேடு ஏறி வரணுமா?"

தங்கைக்குக் கோபம் வந்தால் அது வடிகிற வரை வாயைத் திறக்காமல் இருப்பதே உத்தமம். பூரணி அதைத்தான் செய்தாள்.

பூரணி செய்வது லிந்துலைப் பக்கம் யாரும் கேள்விப்படாத தொழில். மிருகங்களுக்கு மசாஜ். நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவள், கொழும்பில் முறையாகப் படித்துச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு, பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பலகையும் மாட்டினாள். மிருக வைத்தியர் பார்த்து, நோய் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எந்த மிருகத்தின் மேலும் கை வைப்பாள்.

தோட்டமே விழுந்து விழுந்து சிரித்தது.

"நாய்க்குக் கால் புடிச்சு விடவா கொழும்பு வரைக்கும் போய்ப் படிச்சே?"

கேட்டவர் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அழகுமுத்து. அதுவும் காலையில் ஆட்கள் எல்லாம் கூடி நிற்கிற பெரட்டுக் களத்தில் வைத்து. பூரணிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அதன் பிறகு கொட்டகையில் ஈ ஓட்டியதுதான் மிச்சம். பொங்கல் வரை பார்ப்பது, அப்படியும் ஒருவரும் வராவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு குதிரை லாயத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

அப்போதுதான் கீழ் டிவிசன் அம்மாக்கண்ணு ஒரு வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். வாய் என்றால் அது வாய். இந்த மலையில் அவள் கொழுந்து பறித்துக்கொண்டே பேசினால் அடுத்த மலையில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள்.

"டாக்டரு பாத்துட்டாரு புள்ள. சீக்கு ஒண்ணும் இல்லையாம். ஆனா முன்னங்காலை ஒரு மாதிரி வைக்குது. என்னான்னு பாரு."

பூரணி தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஆடு மோந்து பார்த்து, தானாக வந்து தோளைச் சாய்க்கும் வரை காத்திருந்தாள். பிறகு கழுத்திலிருந்து குளம்பு வரை விரல்களால் மெல்ல அழுத்திக்கொண்டே போனாள். ஆட்டுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணை மூடிச் சுகமாக அசைபோட்டது.

குறை, கயிற்றைப் பிடித்திருந்தவளிடம் இருந்தது. அம்மாக்கண்ணுவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. வருஷக்கணக்காகக் கூடை சுமந்த உடம்பு.

"அக்கா, உங்க தோளு..."

"எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன். நீ ஆட்டைப் பாரு."

நேராகச் சொன்னால் வேலைக்காகாது என்று பூரணிக்குப் புரிந்தது.

"தினமும் வீட்டுல நீங்கதான்க்கா ஆட்டுக்குப் புடிச்சு விடணும். எவ்வளவு அழுத்தணும்னு தெரியணுமில்ல? திரும்புங்க, உங்க தோளுல செஞ்சு காட்டுறேன்."

"ஆட்டுக்காகன்னா சரி."

அன்றைக்குச் செய்து காட்டியே வெகுநேரம் போனது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்துதான். ஆட்டுக்குக் கொஞ்சம், ஆட்டின் பெயரைச் சொல்லி அம்மாக்கண்ணுவுக்கு மிச்சமெல்லாம்.

பூரணி இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நிஷாந்தியின் மிச்சக் கோபமும் போன இடம் தெரியவில்லை.

"அடிப்பாவி! நல்லா ஏமாத்துறியே அவங்கள."

"அவங்க தோளு சரியாகிற வரைக்கும் ஆட்டுக்கும் சரியாகாது" என்று பூரணி சிரித்தாள். தன் சாமர்த்தியத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அம்மாக்கண்ணுவோ மலை மலையாக ஆட்டுப் புராணம் பாடிக்கொண்டிருந்தாள். "நொண்டிக்கிட்டுக் கெடந்தது, இப்ப துள்ளிக் குதிக்குது! புள்ளைக்குக் கைராசி!"

முதலில் ஒரு பசு வந்தது. பிறகு பங்களாவிலிருந்து தோட்டத்து மேனேஜர் தொரையின் நாய் வந்தது. ஒருநாள் கண்டாக்கு அழகுமுத்துவே தன் நாயோடு வந்து, "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பொங்கல் வந்தது, போனது. மூட்டை கட்டுவதைப் பற்றி நினைக்கக்கூடப் பூரணிக்கு நேரமில்லை.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு அம்மாக்கண்ணு வரவில்லை. ஆடு மட்டும் வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றவர், லிந்துலை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும், எல்லாரும் அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் அன்ஸார்.

"இது அம்மாக்கண்ணு அக்கா ஆடாச்சே நானா! உங்களுக்கு வித்துட்டாங்களா?"

"விக்கிறதா? இது எப்பவும் எங்க ஆடுதான் மகள். ஞாயித்துக்கிழமையானா அவங்க வந்து அவுத்துக்கிட்டுப் போவாங்க, பொறகு கொண்டாந்து கட்டிருவாங்க. இன்னைக்கு அவங்க வரல்ல. இது கயித்தை இழுத்துக்கிட்டு ஒரே கத்தல். அதான் நானே கூட்டிக்கிட்டு வந்தேன்."

பூரணி ஆட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப, அக்கா வீட்டுல ஆடு..."

"அவங்க வீட்டுல ஒரு கோழிகூட இல்ல!" அன்ஸார் சத்தமாகச் சிரித்தார். "'மொத ஆளாப் போக எல்லாரும் வெக்கப்படுறாங்க நானா, புள்ள கொட்டகைய மூடிட்டுப் போயிரும் போல, உங்க ஆட்டைக் கொஞ்சம் குடுங்க'ன்னு வந்து நின்னாங்க. இப்ப கண்டாக்கு நாயே வந்திருச்சாம், இனிமே ஆடு தேவையில்லையாம்."