அரைத் தாங்கித் தண்ணீர்

தாகத்தில் தவித்த முகாமுக்குப் போன குடிதண்ணீரைத் தாங்கியோடு வாவியில் தள்ளிவிட்டவளுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?

அதைத் தீர்மானிக்கத்தான் பெரியகல்லாற்று முகாமில் நிவாரண சபை அவசரமாகக் கூடியிருந்தது. சுனாமி புகுந்து கிணறுகளெல்லாம் உப்பாகிப்போன காலம். வாவியின் மேற்குக் கரையிலிருந்து கண்ணகையின் எஞ்சின் வள்ளம் பெரிய தாங்கியில் நிரப்பிக் கொண்டுவரும் தண்ணீரே முகாமின் உயிர். அந்தத் தாங்கியைத்தான் அன்று காலை நடுவாவியில் அவள் கயிற்றை அறுத்து உருட்டிவிட்டிருந்தாள்.

தலைவர் வினாயகமூர்த்தி எழுந்தார். நீதி பேசும் வேளையில் அவருக்கு ஒலிபெருக்கி தேவைப்படுவதில்லை.

"தண்ணி எண்டா தெய்வம்! பச்சப் புள்ளைகள் வாய் வறண்டு கிடக்கக்குள்ள அதைக் கொட்டின கையில இனிச் சுக்கான் இருக்கலாமா? வேலையை வேற ஆளுக்குக் குடுப்பம்."

பலத்த கைதட்டல். வாசகரே, கைதட்டியவர்களைக் குறை சொல்லாதீர்கள். தீர்ப்பை முதலிலும் விசாரணையைப் பிறகும் வைத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் வசதியான பழக்கம்.

அந்த வேலை போனால் கண்ணகையின் பிள்ளைகளுக்கு உலை இல்லை.

"தண்ணியைக் கொட்டாட்டி ஆக்களைக் கொட்டியிருப்பன், தலைவர்," என்றாள் அவள். "கிளினிக் போய்த் திரும்பின தாய்மார் புள்ளைகளோட வள்ளத்தில இருந்தவங்க. காத்து ஒரு அடி அடிச்சுது. வள்ளம் சரிஞ்சுது. தண்ணி முழுக்க அந்தப் பக்கமே ஓடிச்சு."

"தண்ணிக்குக் கால் முளைச்சிட்டாக்கும்!" என்றார் செயலாளர் நல்லரத்தினம். சபை சிரித்தது. "ஒவ்வொரு நாளும் ஏத்துறதானே கா? முந்தி ஓடாத தண்ணி இண்டைக்கு மட்டும் ஏன் ஓடின?"

"நிறைஞ்ச தாங்கிக்குள்ள ஓட இடமில்ல. வெறுந் தாங்கிக்குள்ள ஓடத் தண்ணியில்ல. அரைவாசியா இருந்தாத்தான் ஆபத்து. வள்ளம் சரியிற பக்கமே பாஞ்சு, இன்னும் கீழ அமத்தும்."

முகாம்வாசி சாமித்தம்பி துள்ளி எழுந்தார். "அப்ப ஏன் அரைவாசியோட வந்த நீ? மிச்சத்தை வழியில வித்துப்போட்டியா?"

"அந்தக் கதை இப்ப எதுக்கு, சாமித்தம்பி?" தலைவர் கையமர்த்தினார். "முதல்ல தீர்ப்பைச் சொல்லிப்போடுவம்."

உண்மை பக்கத்தில் வரும்போது பெரிய மனிதர்களுக்கு நேரம் போதாமல் போய்விடுகிறது.

"விக்கல்ல," என்றாள் கண்ணகை. "நிறையத்தான் ஏத்தினன். நினைவுத் தூண் கட்டுற துறையில மறிச்சுக் குழாய் போட்டு அரைவாசியை இறக்கிப்போட்டாங்க. அரைத் தாங்கியோட போக ஏலாது எண்டு கத்தினன். தலைவர்ட கட்டளையாம்."

கூட்டம் முழுவதும் தலைவர் பக்கம் திரும்பியது.

அவர் கலங்கவில்லை. தோளில் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"பின்ன? வாவித் தண்ணி உப்பு. உப்புத் தண்ணியில கொங்கிரீட் குழைச்சா சுனாமி நினைவுத் தூண் நிக்குமா? அதில பொறிக்கிற பேர்கள் காலத்துக்கும் நிலைக்க வேணாமா? நாளைய சந்ததி அதைப் பார்த்துப் படிக்க வேணாமா?"

சபை தலைகுனிந்தது. இறந்தவர்களுக்காக என்றால் இருப்பவர்கள் கொஞ்சம் தாகத்தோடு இருக்கலாம்தானே?

கண்ணகை ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்ப... கடலோட போன என்ட மனிசன்ட பேரும் அதில வருமா, தலைவர்?"

"செத்தவங்கட பேரா?" தலைவர் மிகுந்த பரிவோடு அவளைப் பார்த்தார். "அவ்வளவுக்கும் தூணில இடம் ஏது, புள்ள? நம்மட நிவாரண சபை ஆக்கள்ட பேர் மட்டுந்தான்."